எருக்குழி முதல் பூசா சாலை வரை

கரோல் பாகில் குடியிருக்கும் தமிழர்க்குப் பூசா சாலை என்னும் பெயர் நாவில் நன்கு பழகிய ஒன்று. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அச்சாலையில் அமைந்திருத்தலால், நம்மவருள் பலர் பிள்ளைப் பருவத்திலேயே அப்பெயரை ஏட்டில் எழுதிப் பழகியவர்கள். ஆயினும் பூசா என்பது தில்லியைச் சேர்ந்த ஊர்ப் பெயரன்று. பீகார் மாநிலத்தில், இன்றைய சமஸ்திபூர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் அது. 1905-ஆம் ஆண்டு அங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குக் கர்சன் பிரபு அடிக்கல் நாட்டினார். ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடை அதற்கு முதலாக அமைந்தது. ஃபிப்ஸ் பெயரின் முதலெழுத்தையும் அவர் நாட்டின் பெயரெழுத்துகளையும் கூட்டியே பூசா என்னும் பெயர் பிறந்தது என்று சிலர் சுவைபடக் கூறுவர். அவ்வூர்ப் பெயர் அவர் பணம் வருமுன்பே வழங்கியது ஆதலின் அதனை வேடிக்கைக் கதை என்றே கொள்ளல் வேண்டும். 1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தில் அந்நிலையத்தின் பெருங்கட்டடம் சிதைந்தது. 1936-இல் நிலையம் தில்லிக்குப் பெயர்ந்தது. பெயர்ந்தபோது தன் ஊர்ப் பெயரையும் உடன் கொண்டுவந்தது. நம்மைப் போலவே அதுவும் குடிபெயர்ந்து வந்ததுதான்.

அந்நிலையத்தைச் சூழ்ந்த எத்தனையோ செய்திகளுள் இக்கட்டுரைக்கு வேண்டியது எரு பற்றிய செய்தி ஒன்றே. இலக்கிய மலரில் எருவுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் புருவம் நெரித்தல் கூடும். வள்ளுவர் தம் நூலிலேயே அதற்கு இடம் தந்திருக்கையில் நாம் தயங்க வேண்டுவதில்லை.

கரோல் பாகின் பழைய வீடுகளுக்கு முற்றம் உண்டு. இன்று முற்றத்தின் மேலும் மாடிகள் எழும்பிவிட்டன. எனினும் கீழ்த்தளத்தில் கையகல மண் வாய்த்தவர்களும் மொட்டை மாடியில் உரிமை பெற்றவர்களும், நாலைந்து வரிசைச் செங்கல்லை அடுக்கி மேட்டுப்பாத்தி ஒன்று அமைத்து, ஊரிலிருந்து முடிந்து கொண்டுவந்த வெண்டை விதையையும் முளைக்கீரை விதையையும் அதில் ஊன்றக் காண்கிறோம். அவர்கள் ஒருவரையொருவர் வினவுவது, எந்த எரு சத்து மிகுந்தது என்பதே. தோட்டக்கடைக்காரரோ எது விலை மிகுந்ததோ அதுவே சத்து மிகுந்தது என்பார். நம் பாட்டன்மாரிடம் இதே வினாவை விடுத்திருந்தால், அவர்கள் விடை கூறாமல் வேறொரு வினாவைத் திருப்பிக் கேட்டிருப்பர்: எரு நன்றாக மக்கிற்றா? இவ்விரு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. வலிமையைப் பார்த்து எருவைத் தேர்வதா, பக்குவத்தைப் பார்த்துத் தேர்வதா என்னும் இவ்வழக்கு உலகெங்கும் நூற்றெண்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதன் முதன்மையான சாட்சிகள் சிலர் நம் பூசா சாலையோடு தொடர்புடையவர்கள்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். இன்று நாம் பெரிதும் வழங்கும் உரம் என்னும் சொல் பண்டை இலக்கியத்தில் வலிமையையும் நெஞ்சுறுதியையும் குறித்தது. நிலத்துக்கு இடுவதைக் குறிக்கும் பழஞ்சொல் எரு என்பதே. வள்ளுவர் ஆள்வதும் அச்சொல்லைத்தான். திருக்குறளின் 104-ஆம் அதிகாரமாகிய உழவில், ஒரு பலம் புழுதி காற்பலமாகக் குறையும்படி உழுது காயவிட்டால் அந்நிலத்துக்கு ஒரு பிடி எருவும் வேண்டுவதில்லை என்கிறார். அடுத்த குறளிலேயே, ஏர் உழுதலைக் காட்டிலும் எரு இடுதல் நன்று என்கிறார். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை ஒன்றோடொன்று முரணுவது போலத் தோன்றும். நம் கருத்தில் முரண் ஏதுமில்லை. முன்னது மண்ணின் பக்குவத்தைச் சொல்கிறது. பின்னது பணிகளின் வரிசையைச் சொல்கிறது. உழவு, எரு, களையெடுப்பு, நீர், காவல் என்று அவர் வரிசைப்படுத்தும்போது எரு தனித்து நின்று எதையும் சாதிப்பதாகக் கூறவில்லை. இன்றைய மண்ணூல் வல்லுநர் மண்ணின் கட்டமைப்பு என்று தனிப் பாடம் நடத்தும் செய்தியை அவர் ஒரு பிடிப் புழுதியைக் கொண்டு விளக்கிவிட்டார்.

தமிழ் உழவர் எருவை ஒரே பொருளாக எண்ணியதில்லை. மாட்டுத் தொழுவத்தின் சாணமும், கோமூத்திரம் ஊறிய மண்ணும், தின்று கழித்த வைக்கோலும், அடுப்புச் சாம்பலும், வீடு கூட்டிய குப்பையும் நாள்தோறும் எருக்குழிக்குச் செல்லும். கோடையில் குழியை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் சிறு குவியல்களாகக் கொட்டுவர். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை மறிப்பர். இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்கள் வரை வருவதும், ஓரிரவுக் கிடைக்கு நிலக்கிழார் நெல்லோ பணமோ அளப்பதும் நெடுங்கால வழக்கம். ஆட்டெரு அவ்வாண்டு, மாட்டெரு மறு ஆண்டு என்னும் பொருள்பட வழங்கும் பழமொழியை நம்முள் பலர் கேட்டிருப்போம். ஆட்டுப் புழுக்கை விரைந்து பயன் தரும். மாட்டெரு மெல்ல மக்கி அடுத்த ஆண்டும் உதவும். இதனை வெறும் சொல்லழகு என்று தள்ளிவிடுதல் தகாது. இப்பழமொழிக்கு இங்கிலாந்தில் கிடைத்த சான்றைப் பின்னர்க் காண்போம்.

நஞ்சைக்குத் தழையெரு உண்டு. கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கம், பூவரசு, வேம்பு ஆகியவற்றின் தழையைச் சேற்றில் மிதித்து அழுகவிட்டு, அதன் பின்னரே நாற்று நடுவர். புன்செய்க்கு ஏரி வண்டல் உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் குறிப்பிடுதலை வரலாறு பயின்றார் அனைவரும் அறிவர். ஏரியைத் தூர் வாரினால் நீருக்கு இடம் பெருகும். வாரிய வண்டல் மேட்டு நிலத்துக்கு எருவாகும். ஒரு வேலையில் இரு பயன்.

மேட்டுப்பாத்தியும் நமக்குப் புதிதன்று. வெற்றிலைக் கொடிக்காலைக் கண்டவர்கள் அறிவர். பாத்தியை உயர்த்தி, இடையிடையே ஆழ்ந்த வாய்க்கால் வெட்டி, அகத்தியைப் படர்கொம்பாக நிறுத்தி, வாய்க்கால் நீரைப் பாத்தியின் மேல் வாரி இறைப்பர். வேரில் நீர் தேங்கினால் வெற்றிலைக் கொடி அழுகிவிடும். ஆதலின் பாத்தி உயர்ந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வேலியில் வளர்த்த பூவரசுத் தழையையும், பழுது பார்த்த கூரையிலிருந்து கழித்த பனையோலையையும் மண்ணில் புதைத்து மணற்பாங்கான நிலத்தைத் திருத்தினர். பனையோலை மக்குவதற்கு நெடுநாள் பிடிக்கும். பொறுமையாக மக்குவதே அங்கே அதன் சிறப்பு.

இத்தனை அறிந்த நாட்டில் நிலம் ஏன் மெலிந்தது? இவ்வினாவுக்கு விடை தேடியே 1889-ஆம் ஆண்டின் இறுதியில் சான் அகஸ்டஸ் வோல்கர் என்னும் ஆங்கில வேளாண் வேதியியலார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாடெங்கும் சுற்றி அவர் எழுதிய அறிக்கை 1893-இல் வெளிவந்தது. இந்திய உழவர் அறியாமையுடையவர் என்று எழுதுவார் என எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். அவர் நம் உழவர்தம் திறமையைப் பாராட்டினார். சாணத்தை எரிப்பதற்குக் காரணம் அறியாமை அன்று, விறகின்மையே என்றும் விறகுக் காடுகள் வளர்த்தால் சாணம் தானே வயலுக்குத் திரும்பும் என்றும் வற்புறுத்தினார். நம் மொழியே இதற்குச் சான்று. வயலுக்கு இடுவதும் எரு. அடுப்பில் எரியும் எருமுட்டையும் எரு. தில்லிப் புறநகர்ச் சுவர்களில் வட்டமாக அறையப்பட்டிருக்கும் உப்லாவைக் காணுந்தோறும் வோல்கரின் அறிக்கை நம் நினைவுக்கு வருதல் உண்டு. அலுவலகக் கோப்புகளில் பழகிய நமக்கு, நல்ல பரிந்துரைகள் பல காலம் உறங்குதல் புதுமையாகத் தோன்றவில்லை.

வோல்கர் வருமுன்பே ஐரோப்பாவில் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கிவிட்டது. செருமானிய அறிஞர் லீபிக் 1840-இல் வெளியிட்ட நூல், பயிருக்கு வேண்டியவை தாதுப்பொருள்களே என்று நிறுவ முயன்றது. இங்கிலாந்தில் லாசு என்பார் 1842-இல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை பெற்று, மறு ஆண்டு ரோதாம்ஸ்டெட்டில் தம் பண்ணையில் நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். நம் தமிழகம் இதில் பின்தங்கவில்லை. இந்தியாவில் சூப்பர் பாஸ்பேட் ஆலை முதன்முதலாக எழுந்தது 1906-இல், இராணிப்பேட்டையில்தான். 1909-இல் கோவையில் நிலையான எருவாய்வு வயல் தொடங்கப்பட்டது. ஒரு துண்டுக்கு மாட்டெரு, ஒன்றுக்குத் தழைச்சத்து, ஒன்றுக்கு மணிச்சத்து, ஒன்றுக்கு ஏதுமில்லை என்று பிரித்து ஆண்டு தவறாமல் அளந்தனர்.

மேலே குறித்த சான்று ரோதாம்ஸ்டெட்டில் கிடைத்தது. அங்கே வாற்கோதுமை வயலின் ஒரு துண்டுக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் மட்டும் தொழுவெரு இட்டு, பின்னர் அறவே நிறுத்திவிட்டனர். எருவே காணாத பக்கத்துத் துண்டைவிட அத்துண்டின் விளைவு பல்லாண்டுகள் மிகுந்தே இருந்தது. நூறாண்டுக்குப் பின்னும் அம்மண்ணில் எருவின் எச்சத்தை அளந்து காட்ட முடிந்தது. மாட்டெரு மறு ஆண்டு என்று நம்மவர் கூறியது தன்னடக்கம் மிகுந்த கூற்றே.

இனிப் பூசாவுக்கு வருவோம். 1905-இல் அங்கே அரசின் பயிர்நூல் வல்லுநராக வந்து சேர்ந்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு. அவர்தம் துணைவியார் காபிரியேலும் பயிர்நூல் அறிஞரே. வந்தவுடன் ஹோவர்டு செய்த செயல் வியப்புக்குரியது. தமக்கென்று நிலம் கேட்டு வாங்கி, சுற்றுப்புறத்து உழவர் எவ்வாறு பயிர் செய்கின்றனர் என்பதைக் கவனிக்கத் தொடங்கினார். பூச்சிமருந்தும் செயற்கை உரமும் இன்றி அவ்வுழவர் நலமான பயிரை விளைவித்தலைக் கண்டார். அவ்வுழவரும் பயிரைத் தாக்கும் பூச்சிகளுமே தம் வேளாண்மைப் பேராசிரியர்கள் என்று பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். ஆள்வோர் இனத்தவர் ஒருவர் அக்காலத்தில் அவ்வாறு எழுதுதற்கு நெஞ்சுரம் வேண்டும். பழைய பொருளிலேயே உரம் என்னும் சொல்லை இவ்விடத்தில் ஆள்கிறோம்.

பூசாவில் பயிர்நூலார் ஓர் அறையிலும் வேதியியலார் ஓர் அறையிலும் பூச்சியியலார் ஓர் அறையிலுமாகப் பிரிந்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பயிர் அவ்வாறு பிரிந்து வளர்வதில்லை அன்றோ! 1924-இல் அவர் இந்தூருக்குச் சென்று, பயிர்த்தொழில் நிலையம் ஒன்றை நிறுவி, 1931 வரை அங்கே பணியாற்றினார். அங்குதான் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞரின் துணையோடு இந்தூர் முறை உருவாயிற்று. சீனர், கொரியர், சப்பானியர் ஆகியோர் நாற்பது நூற்றாண்டுகளாக நிலவளம் குன்றாமல் காத்த முறையைப் பற்றி அமெரிக்கர் கிங் எழுதி 1911-இல் வெளிவந்த நூலும் அவருக்கு வழிகாட்டியாயிற்று.

இந்தூர் முறை யாது? முப்பதடி நீளமும் பதினான்கடி அகலமும் மூன்றடிக்கு மேற்படாத ஆழமும் உடைய குழி. அதில் பருத்தித் தண்டு, களை, சருகு முதலிய கழிவுகளைக் கலந்து பரப்புவர். கடினமான தண்டுகளைப் பண்ணைச் சாலையில் பரப்பி வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் பட்டு நசுங்கச் செய்வர். அதன்மேல் சாணம், கோமூத்திரம் ஊறிய தொழுவ மண், மரச்சாம்பல், பின்னர் நீர். குழி சூடேறும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஒரு முறை, ஒரு மாதத்தில் ஒரு முறை, இரண்டு மாதத்தில் ஒரு முறை என மும்முறை புரட்டுவர். மூன்று மாதத்தில் கருத்து உதிர்ந்த மட்கு கிடைக்கும். இதில் உள்ள பொருள்களை எண்ணிப் பார்மின். சாணம், ஊறிய மண், சாம்பல், தழை ஆகிய அனைத்தும் நம் எருக்குழியில் இருந்தவையே. ஹோவர்டு சேர்த்தவை காற்றும் அளவும் காலக் கணக்கும். பழைய எருக்குழி நெருங்கி இறுகி, மழையில் சத்தைக் கசியவிட்டுக் கிடந்தது. அவர் அதனைப் புரட்டி மூச்சுவிடச் செய்தார். இதனைப் பெருமையாகக் கூற வேண்டும். ஆயின் எல்லாம் நம்மவர் முன்பே கண்டதே என்று கூறுதலும் நேர்மையன்று. பொருள் நம்முடையது, ஒழுங்கு அவருடையது என்று பகிர்ந்து கொள்வதே முறை.

1935-இல் இந்தூர் வந்த காந்தியடிகள் அக்குழிகளை நேரில் பார்வையிட்டார். 1940-இல் ஹோவர்டு வெளியிட்ட நூல் கடல் கடந்து பரவியது. அமெரிக்காவில் ரோடேல் என்பார் அதனால் தூண்டப்பெற்று 1942-இல் இயற்கை வேளாண்மைக்கென்றே இதழ் ஒன்று தொடங்கினார். இன்று வண்ணப் பையில் ஆங்கில எழுத்துகளோடு நம் கடைவீதிக்கு வரும் மட்கு, நம் நாட்டுக் குழியிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி வந்த பொருளே. திரும்பி வந்தபோது அதற்கு விலையும் சேர்ந்துவிட்டது.

தென்னாட்டில் நடந்த ஆய்வொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி நடத்திய மெக்காரிசனும், கோவையில் வேளாண் வேதியியலாராக இருந்த பி. விசுவநாத்தும் 1926-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாட்டெருவில் விளைந்த சிறுதானியம் செயற்கை உரத்தில் விளைந்ததைக் காட்டிலும் ஊட்டம் மிக்கது என்பது அவர்கள் கண்ட முடிபு. இவ்வொன்றைக் கொண்டு இயற்கை எருவில் விளைந்த யாவும் அமுதம் என்று முழங்குதல் மிகை. பிற்கால ஆய்வுகள் அவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. இவ்விசுவநாத்தே பின்னர்ப் பூசா நிலையத்தின் இயக்குநர் பொறுப்பேற்ற முதல் இந்தியராக விளங்கினார் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

இந்தூர் முறை சிற்றூர்க்கு ஏற்றது. நகரத்துக்கு? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சாரியா என்பார் 1939-இல் அதற்கு வழி கண்டார். நகரக் குப்பையையும் மலக்கழிவையும் அகழியில் அடுக்கடுக்காக இட்டு, மேலே மண் பூசி மூடி, எட்டு ஒன்பது மாதம் புரட்டாமலே விட்டுவிடுதல் பெங்களூர் முறை. ஆள்செலவு குறைவு, காலம் மிகுதி. 1947 திசம்பரில் தில்லியில் அனைத்திந்திய மட்கு மாநாடு கூடியது. அதனைக் கூட்ட வேண்டுமென எண்ணியவர் மீராபென். தலைமை தாங்கியவர் இராசேந்திர பிரசாத். அந்நாள் தில்லி எத்தகைய தில்லி என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிவினையால் வீடிழந்து வந்தவர்கள் முகாம்களில் தங்கியிருந்தனர். கரோல் பாகுக்கும் அவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறிய காலம் அது. அத்தகைய நாளில் நாட்டுத் தலைவர்கள் கூடி எருவைப் பற்றி ஆராய்ந்தனர். காந்தியடிகள் அம்மாநாட்டைப் பற்றித் தம் அரிஜன் இதழில் எழுதினார். உணவுப் பஞ்சம் தலைமேல் நின்றதால் எரு அன்று அரசியற் பொருளாக இருந்தது. ஹோவர்டு அவ்வாண்டு அக்டோபரிலேயே மறைந்துவிட்டார்.

பின்னர் நடந்தவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1951-இல் சிந்திரி உர ஆலை இயங்கத் தொடங்கியது. அறுபதுகளில் பூசா நிலையம் குட்டைக் கோதுமையைப் பரப்பியது, பட்டினி விலகியது. அது செயற்கை உரத்தின் வெற்றி என்பதை மறுப்பார் நன்றி கொன்றார். அவ்வெற்றியின் நடுவில் 1968 சனவரியில் வாராணசி அறிவியல் மாநாட்டில் எச்சரிக்கை விடுத்தவரும் அந்நிலையத்தின் அப்போதைய இயக்குநரே. கும்பகோணத்தில் பிறந்த எம். எசு. சுவாமிநாதன், மண்ணின் வளத்தையும் கட்டமைப்பையும் காவாமல் செய்யும் தீவிர வேளாண்மை இறுதியில் பாலைநிலத்தையே தோற்றுவிக்கும் என்று அங்கே எடுத்துரைத்தார்.

இவ்வளவையும் அறிந்தபின் நம் செங்கற் பாத்திக்குத் திரும்புவோம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரம் உள்ள பாத்தி பதினெட்டுக் கன அடி கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் எடை முக்கால் டன்னைக் கடந்துவிடும். மாடியில் வைப்பவர் கட்டடத்தின் தாங்குதிறனை அறிந்து, உயரத்தைக் குறைத்தோ, தென்னை நார்த்தூளும் மட்கும் மிகுதியாகச் சேர்த்தோ எடையைக் குறைத்தல் வேண்டும். தரையில் வைப்பவர்க்கு இக்கவலை இல்லை. தில்லி மண் பெரும்பாலும் காரத்தன்மை உடையது, மட்குச்சத்து குறைந்தது. ஆதலின் முதலாண்டில் பாத்தியின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஆறு கன அடி, மக்கிய எருவாக இருத்தல் நன்று. அடுத்தடுத்த பருவங்களில் இரண்டு விரற்கடை கனத்துக்கு மேலே பரப்பினால் போதும். மட்கு கரையக் கரையப் பாத்தி தாழ்ந்துகொண்டே போகும். அவ்வப்போது நிரப்புவது நம் கடன்.

இவ்வாறு கன அடிக் கணக்கில் இடுவதற்கு உரியது மக்கிய மாட்டெருவே. அதில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குதான். மணிச்சத்து அதனினும் குறைவு. கோழி எருவிலோ தழைச்சத்து நூற்றுக்கு மூன்று. வேப்பம் பிண்ணாக்கில் ஐந்துக்கு மேல். எண்ணை மட்டும் நோக்கினால் மாட்டெரு ஏழை. அந்த ஏழ்மையே அதன் நற்பண்பு. மிகுதியாக இட்டாலும் எளிதில் வேரைச் சுடாது, மண்ணைப் பொலபொலப்பாக்கும், நீரைப் பிடித்து வைக்கும். மக்காத கோழி எருவைச் சிறு பாத்தியில் கொட்டினால் செடி கருகும். தில்லியின் உவர்ப்புள்ள நிலத்தடி நீரோடு அதன் உப்பும் சேர்ந்தால் மீட்சி அரிது. பிண்ணாக்கைப் பாத்திக்கு இரண்டு மூன்று கைப்பிடி என்று கறிக்கு உப்புப் போல் இடலாம். கறியாகவே பரிமாறக் கூடாது.

மக்கியதா என்பதை அறிவது எங்ஙனம்? நர்சரியில் கோபர் கீ காத் என்று கேட்டு நின்றுவிடாமல், சடீ ஹூயீ காத் என்று வற்புறுத்திக் கேட்க வேண்டும். கையில் எடுத்தால் சாண நாற்றம் வீசாமல் முதல் மழையின் மண்வாசனை வர வேண்டும். வைக்கோல், இலை எது எதுவென்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகியிருக்க வேண்டும். குவியலின் நடுவில் கை வைத்தால் சூடு தெரியக் கூடாது. இன்னும் ஐயம் இருப்பின், ஒரு சிறு தொட்டியில் அதனை நிரப்பிப் பத்துப் பதினைந்து வெந்தயத்தை ஊன்றிப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் பெரும்பாலானவை பசுமையாக முளைத்தால் எரு பக்குவமானது. முளை மஞ்சளித்தால் குவியலை ஈரமாக்கி மூடி மேலும் இரண்டு மாதம் வைத்திருத்தல் வேண்டும். பச்சைச் சாணத்தில் களைவிதை உயிரோடிருக்கும். கரையானும் வண்டின் வெண்புழுவும் அதனை நாடி வரும்.

பையில் வரும் மண்புழு எருவும் நகர மட்கும் பற்றி ஒரு சொல். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் இயற்கை உரங்களும் சேர்க்கப்பட்டு, அவற்றின் ஈரம், கரிம-நைட்ரசன் விகிதம், ஈயம் முதலிய உலோகங்களின் உச்ச அளவு யாவும் வரையறுக்கப்பட்டுள்ளன. பையின் மேல் இவ்விவரங்கள் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாராமல் வாங்குவது, நாளிடாத கடிதத்துக்குப் பதில் எழுதுவது போன்றது. மண்புழு எரு சிறந்தது, விலையும் மிகுதி. பாத்தி முழுதும் நிரப்பாமல் விதை ஊன்றும் வரியில் மட்டும் தூவினால் சிக்கனம். கண்ணாடித் துண்டும் நெகிழித் துணுக்கும் கலந்த நகர மட்கைக் கீரைப் பாத்தியில் இடாதிருத்தலே நம் பரிந்துரை.

பயிருக்கேற்ப எரு வேறுபடும் என்பதையும் நம்மவர் அறிந்திருந்தனர். முளைக்கீரை, பாலக், வெந்தயக்கீரை ஆகியவை விரைந்து உண்டு விரைந்து வளர்பவை. நன்கு மக்கிப் பொடித்த ஆட்டெரு அவற்றுக்கு ஏற்றது. கத்தரியும் வெண்டையும் பல மாதம் நிற்பவை. பழைய மாட்டெருவே அவற்றுக்குத் துணை. முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் புது எரு இட்டால் கிழங்கு கிளைத்துக் கோணும். சென்ற பருவத்தில் எருவிட்ட பாத்தியே போதும். அவரைக்கும் காராமணிக்கும் எருவை அள்ளிக் கொட்டினால் கொடி மாடியைத் தாண்டிச் செல்லும், காய் மட்டும் வாராது.

விலை கொடாமல் கிடைக்கும் எருவும் இந்நகரில் உண்டு. தில்லியில் வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் குவியும் சருகை எரிப்பதற்குத் தடை உள்ளது. கேட்டால் துப்புரவுப் பணியாளரே சாக்கு நிறையத் தருவர். பக்கங்களில் துளையிட்ட பெரிய மண்பானை இரண்டை மாடியின் நிழலில் வைத்து, ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரு பங்கு சருகு என்று மாற்றி மாற்றி இட்டு, ஒரு பிடி பழைய எருவைப் பிரைமோர் போல் கலந்து, வாரம் ஒரு முறை கிளறிவர வேண்டும். பிழிந்தால் சொட்டாத ஈரத்துணி போல் அதன் ஈரம் இருத்தல் வேண்டும். தில்லியின் சித்திரை வெயிலில் பானை மிக விரைவில் உலரும். நாள்தோறும் ஒரு குவளை நீர் தெளிக்க நேரும். மார்கழியிலும் தையிலும் குளிரால் மக்குதல் ஏறத்தாழ நின்றேவிடும்; அப்போது தொடங்கிவிட்டு இந்தூரின் மூன்று மாதக் கணக்கை எதிர்பார்த்தல் வீண். பங்குனியில் நிரப்பத் தொடங்கிய பானையோ ஆடி மழைக்குள் கருத்து உதிர்ந்துவிடும். ஆவணி முழுதும் அதனை மூடி ஆறவிட்டு, புரட்டாசி இறுதியில் பாத்தியில் பரப்பி, ஐப்பசித் தொடக்கத்தில் பாலக்கையும் வெந்தயத்தையும் விதைக்கலாம். தீபாவளிக்கு ஊரிலிருந்து வருவோர் இருப்பின் முளைக்கீரை விதையை அப்போது வாங்கி வைத்துக்கொண்டு, குளிர் நீங்கிய மாசியில் ஊன்றுதல் நன்று. தில்லிக் குளிரை அது தாங்காது.